டிசெம்பரில் வான் பாயும் இரணைமடு ஓகஸ்டில் ஏன் போதவில்லை?

கிளிநொச்சியிலுள்ள இரணைமடுக் குளத்தில், மிஞ்சிய நீரை வெளியே விடும் வான் கதவுகள் திறக்கப்படும் ஒவ்வொரு மாரியிலும் யாழ்ப்பாணத்தில் ஒரே கேள்வி எழுகிறது. நுரை தள்ளிப் பாயும் வெள்ளத்தின் படம் கைபேசிக்குக் கைபேசி போகிறது. "இவ்வளவு தண்ணி சும்மா கடலுக்குப் போகுது, ஏன் எங்களுக்குத் தரமாட்டினம்?" என்று கேட்காதவர் குறைவு. எட்டு மாதம் கழித்து அதே குளத்தைப் பற்றி வேறு செய்தி வரும். நீர்மட்டம் இறங்கிவிட்டது, வாய்க்காலின் கடைசி வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை, கதிர் வெளிவருவதற்கு முந்திய குடலைப் பருவத்தில் நெல் வாடுகிறது என்று.

இரண்டு செய்தியும் உண்மை. டிசெம்பரில் வழிகிற தண்ணீரும் ஓகஸ்டில் தேவைப்படுகிற தண்ணீரும் ஒன்றல்ல என்பது விளங்கினால், இந்தக் குளத்து நீரைக் குழாயில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவருவது பற்றி யாழ்ப்பாணத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே பல ஆண்டுகளாக இழுபட்ட பிணக்கில் பாதி விளங்கிவிடும். அதற்கு ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆறு எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி அராலியில் கடனீரேரியைச் சேரும் வழுக்கையாறு, மாரி வெள்ளத்தை வடித்துவிடும் ஓடைதான். வெயில் ஏறியதும் அதன் படுகையில் மாடு மேயும்.

நமக்குக் கிட்ட இருக்கும் பெரிய ஆறு கனகராயன் ஆறு. வவுனியா மாவட்டத்தில் தொடங்கி வடக்கு நோக்கி ஓடி, கிளிநொச்சியில் இரணைமடுக் குளமாகத் தேங்கி, மிஞ்சியதை ஆனையிறவுக் கடனீரேரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இந்த ஆற்றைப் பற்றி இரண்டு விடயங்களை மறக்கக்கூடாது.

1. இதுவும் பருவகால ஆறுதான். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியில் ஓயும். அந்த மூன்று மாதத்தில் வருவதுதான் குளத்தின் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி. சித்திரையில் விழும் மழை நிலத்தை நனைக்கும், குளத்தை நிரப்பாது.

2. தொடக்கம் முதல் முடிவு வரை இந்த ஆறு வட மாகாணத்துக்குள்ளேயே ஓடுகிறது. மேலே வவுனியா, முல்லைத்தீவு, நடுவில் கிளிநொச்சி, கேட்டு நிற்பது யாழ்ப்பாணம். மகாவலி நீர் இன்னும் வடக்கை எட்டவில்லை. ஆகவே இதைப் பங்கிடுவது முழுக்க நமக்குள்ளே தீர்க்கவேண்டிய வழக்கு.

மேல்நிலத்தில் சிறு குளங்கள் ஏராளம். அவற்றில் ஒவ்வொன்றைத் திருத்தும்போதும், அணைக்கட்டை உயர்த்தும்போதும் இரணைமடுவுக்கு வரும் நீரில் ஒரு பங்கு மேலேயே நின்றுவிடுகிறது. நல்ல மழை ஆண்டில் இது தெரியாது. மழை குறைந்த ஆண்டில்தான் தெரியும். ஊருக்கு ஊர் குளம் திருத்துவதை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் ஆற்றை முழுதாக வைத்துக் கணக்குப் பார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

குளத்தின் அளவை வாசிப்பது எப்படி?

1902 இல் வேலை தொடங்கிய இரணைமடு, பிறகு பல கட்டங்களாகப் பெருப்பிக்கப்பட்டது. இரண்டு மடுக்களாகக் கிடந்ததை ஒரே கட்டால் மறித்ததால் இரணை மடு. இடதுகரை, வலதுகரை வாய்க்கால்களின் கீழ் ஏறக்குறைய 21,000 ஏக்கர் வயல் இருக்கிறது. பரந்தன், உருத்திரபுரம், கனகபுரம் என்று அந்த வாய்க்கால்களை நம்பி எழுந்த ஊர்களில் பல, குடாநாட்டில் காணி போதாமல் பெயர்ந்து போனவர்களால் வெட்டித் திருத்தப்பட்டவை. இன்று தண்ணீர் கேட்பவருக்கும் மறுப்பவருக்கும் இரண்டு தலைமுறைக்கு முந்திய முற்றம் ஒன்றாகவே இருந்திருக்கும்.

செய்திகளில் வரும் அளவுகளைப் பிரித்துப் பார்ப்போம்.

1. ஏக்கர் அடி: ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர். ஏறக்குறைய 1,233 கன மீற்றர், அதாவது 12 லட்சம் லீற்றருக்கு மேல்.

2. கொள்ளளவு: முன்பு 34 அடி மட்டத்தில் ஏறக்குறைய 131 மில்லியன் கன மீற்றர். கடந்த பத்தாண்டில் முடிந்த புனரமைப்பில் மட்டம் 36 அடியாக உயர்ந்து, கொள்ளளவு ஏறக்குறைய 147 மில்லியன் கன மீற்றரானது. ஏக்கர் அடியில் சொன்னால் 1,19,000 அளவில் வரும்.

3. நீர்மட்ட அடி: "குளத்தில் 18 அடித் தண்ணீர் நிற்கிறது" என்ற செய்தியைப் பார்த்து, 36 இல் பாதி என்று எண்ணிவிடக்கூடாது. குளம் சட்டியைப் போன்றது. மேலே அகலம், கீழே ஒடுக்கம். மேல் அடிகள் கொள்ளும் தண்ணீரைக் கீழ் அடிகள் கொள்ளாது. பாதி உயரத்தில் பாதியைவிட நன்றாகக் குறைந்த தண்ணீரே இருக்கும்.

4. துருசு மட்டம்: வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் துருசின் வாயைவிடக் கீழே நிற்பது வயலுக்கு வராது. அது மீனுக்கும் மாட்டுக்கும் கோடையைத் தாண்டுவதற்கும்.

சித்திரைக் கூட்டத்தில் முடிவாவது என்ன?

நெற்செய்கை இரண்டு போகம். மாரியில் விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுவது காலபோகம். கோடையில் செய்வது சிறுபோகம். காலபோகத்தைப் பெரும்பாலும் மழையே வளர்த்துவிடும். குளம் கைகொடுப்பது கடைசி வாரங்களில். சிறுபோகம் முழுக்கக் குளத்து நீரில் நிற்பது. எனவே குளத்தின் உண்மையான பெறுமதி மார்கழியில் எவ்வளவு வழிந்தது என்பதில் இல்லை. காலபோகம் முடிந்து, பங்குனி கடைசியில் எத்தனை அடி மிஞ்சியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். மாவட்டச் செயலர் தலைமை தாங்குவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் இருப்பைச் சொல்வார். கமக்காரர் அமைப்புகள் எத்தனை ஏக்கர், எந்தத் திகதிக்குள் விதைப்பு, எந்த நாளில் கடைசித் தண்ணீர் என்று வாதாடித் தீர்மானிக்கும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சந்திப்பாகத் தெரியலாம். ஆனால் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அங்கே எடுக்கும் தீர்மானம் எல்லோரையும் கட்டுப்படுத்தும்.

தண்ணீர் போதாத ஆண்டில், 21,000 ஏக்கருக்கும் விதைக்க முடியாது. அப்போது விதைக்கக்கூடிய ஏக்கர் எவ்வளவோ அது பங்காகப் பிரியும். மூன்று ஏக்கர் வயல் உள்ளவருக்கு ஒரு ஏக்கர் செய்யும் உரிமைதான் கிடைக்கலாம். தலைவாய்க்காலுக்கு அருகில் வயல் இருப்பவர் முழுதும் விதைக்க, கடைக்கோடியில் இருப்பவர் தரிசு போடுவதைத் தடுக்கவே இந்தப் பங்கு முறை. ஆற்று நீரைப் பங்கிடுவதைப் பற்றி உலகில் எத்தனையோ மாநாடு நடக்கிறது. பற்றாக்குறையை எல்லோரும் சேர்ந்து சுமப்பது என்ற விதியை இந்தக் கூட்டத்தில் வரப்பில் நிற்கும் மனிதர்களே நடத்திக்கொண்டு வருகிறார்கள். அந்த விதியைப் பெரிதாக மதிக்கவேண்டும் என்பது என் துணிபு. குழாய்த் திட்டம் அதைத் தொட்டதால்தான் எதிர்ப்பு அவ்வளவு கடுமையாக வந்தது.

27,000 கன மீற்றர்: சிறிய அளவா, பெரிய அளவா?

2010 இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம் தொடங்கியது. இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் எடுத்துச் சுத்திகரித்துக் குழாய் வழியே கொண்டுவருவது முதல் திட்டம். கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்.

1. 27,000 ஐ 365 ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 98 லட்சம் கன மீற்றருக்குச் சற்று மேல். ஏறக்குறைய 8,000 ஏக்கர் அடி.

2. ஒரு ஏக்கர் சிறுபோக நெல்லுக்கு, வாய்க்கால் இழப்பையும் சேர்த்துக் குளத்திலிருந்து 5 ஏக்கர் அடி விடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 8,000 ஏக்கர் அடி 1,600 ஏக்கர் வயலுக்குச் சமம்.

3. நிரம்பிய குளத்தில் அது 7 வீதத்துக்கும் குறைவு. 21,000 ஏக்கர் வைத்திருப்பவர்கள் 1,600 ஏக்கரை ஏன் குடிநீருக்கு விட்டுத்தரக்கூடாது என்று யாழ்ப்பாணத்தில் கேட்டவர்கள் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டார்கள்.

4. மழை பொய்த்த ஆண்டை எடுங்கள். பங்குனி முடிவில் குளத்தில் 40,000 ஏக்கர் அடிதான் இருக்கிறது என்று வைப்போம். குழாய்க்கு அதே 8,000 வேண்டும். இப்போது அது ஐந்தில் ஒன்று. துருசு மட்டத்துக்குக் கீழே நிற்பதையும் வெயில் குடிப்பதையும் கழித்தால் பங்கு இன்னும் பெருக்கும்.

நான்காவது கணக்கில்தான் முழு விடயமும் இருக்கிறது. குழாய் எடுப்பது மாறாத அளவு. ஆறு தருவது ஆண்டுக்கு ஆண்டு மாறும் அளவு. மாறாத அளவுக்கு முதலிடம் கொடுத்தால் மாறும் பகுதி முழுவதும் வயலின் தலையில் விழும். குடிநீருக்கு முதலிடம் கொடுப்பது அறம்தான். அதை எந்தக் கமக்காரரும் மறுக்கமாட்டார். அவர்கள் கேட்டது வேறு. காய்ந்த ஆண்டில் குழாயும் குறையுமா, அல்லது நாங்கள் மட்டும்தான் குறைவோமா? நீர்மட்டம் இத்தனை அடிக்குக் கீழே இறங்கினால் குழாய்க்கு எடுப்பது நிற்கும் என்ற உறுதியான எழுத்து முதலிலேயே வைக்கப்பட்டிருந்தால், பேச்சு வேறு வழியில் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. இரணைமடுவின் நிழலிலேயே வாழ்ந்தும் வயற்காணி இல்லாதவர்கள் கிளிநொச்சியில் பலர். 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களில் பெரும் பகுதியினருக்கு நீர்ப்பாசனக் காணி கிடைக்கவில்லை. அவர்களுக்கு வாய்க்காலும் இல்லை, குழாயும் இல்லை. கமக்காரரா யாழ்ப்பாணத்தாரா என்று இரண்டு தரப்பாக மட்டும் பேசியபோது இவர்கள் பேச்சிலேயே வரவில்லை.

கட்டை உயர்த்தியது போதாதா?

இரண்டு அடி உயர்த்தியதால் 16 மில்லியன் கன மீற்றர் கூடியிருக்கிறது, குழாய்க்கு அதைக் கொடுக்கலாமே என்ற வாதம் கேட்பதற்குச் சரியாகத் தோன்றும். ஆனால் மேல் இரண்டு அடி நிரம்புவது குளம் நிரம்பும் ஆண்டில்தான். தண்ணீர் அதிகம் தேவைப்படும் காய்ந்த ஆண்டில் அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும்.

வெயிலையும் சேர்க்கவேண்டும். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாகும். நான்கு மாதத்தில் அது இரண்டு அடிக்குக் கிட்ட வரும். உயர்த்திக் கிடைத்த இரண்டு அடியும் காற்றும் வெயிலும் எடுக்கும் இரண்டு அடியும் உயரத்தில் ஒன்றுதான். குளம் வற்ற வற்றப் பரப்புச் சுருங்குவதால் கன அளவில் இழப்புச் சற்றுக் குறையும், அவ்வளவே.

நிரப்பி வைப்பதிலும் ஆபத்து உண்டு. 2018 டிசெம்பர் தொடக்கத்தில் புனரமைத்த குளம் திறந்துவைக்கப்பட்டது. இரண்டு வாரம் கழித்துக் கொட்டிய பெருமழையில் கிளிநொச்சியின் தாழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகளை எப்போது திறந்திருக்கவேண்டும் என்ற சர்ச்சை எழுந்தது. கோடைக்காகச் சேமிப்பவர் குளத்தை நிரப்பி வைக்கப் பார்ப்பார். வெள்ளத்தைத் தடுப்பவர் இடம் விட்டு வைக்கப் பார்ப்பார். மேல்நிலத்தில் எவ்வளவு மழை பெய்கிறது, அது எத்தனை மணித்தியாலத்தில் குளத்துக்கு வரும் என்பதை அளந்து அறிவிக்கும் ஏற்பாடு இல்லாமல் இந்த இரண்டையும் ஒருவர் கையில் கொடுப்பது கொடுமை.

வயலில் மிச்சம் பிடிக்க முடியாதா?

முடியும். எல்லோருக்கும் தெரிந்த வழிகள்தான்.

1. காலபோகத்தை முதல் மழையோடு புழுதியில் விதைத்தால், கடைசியில் குளத்தைத் தொடும் தேவை குறையும். சேற்றுக்காகக் காத்திருந்து பிந்தி விதைப்பவர் தை, மாசியில் குளத்து நீரைக் கேட்பார். அது சிறுபோகத்தின் தண்ணீர்.

2. சிறுபோகத்தில் ஒரு பகுதிக்கு நெல்லை விட்டு உழுந்து, பயறு, கௌபி, நிலக்கடலை. தண்ணீர் பாதிக்கும் குறைவாகப் போதும். ஆனால் நெல்லுக்குச் சந்தை நிச்சயம், மற்றவற்றுக்கு இல்லை. கமக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விலை உறுதி கிடைத்தால் மாறுவார்கள்.

3. கூட்டத்தில் தீர்மானித்த ஏக்கருக்கு மேல் விதைப்பதையும், வாய்க்காலிலும் குளத்தின் நீர் விளிம்பான அலைகரையிலும் இயந்திரம் வைத்து இறைப்பதையும் நிறுத்துவது. நீர்ப்பங்கைக் குலைப்பது பெரும்பாலும் இதுதான். கடைக்கோடி வயல் காய்வதற்கு மழையைப் பழி சொல்லும் பல ஆண்டுகளில் உண்மைக் காரணம் வாய்க்காலின் மேல்பாதியில் இருக்கும்.

கடல்நீரைச் சுத்திகரித்தால் தீருமா?

இரணைமடு எதிர்ப்புக்குப் பிறகு திட்டம் மாறி, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் அமைந்து 2024 இல் திறக்கப்பட்டது. குடிநீருக்கு இது பெரிய ஆறுதல். மழை பொய்த்தாலும் கடல் வற்றாது. ஆனால் உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், அந்தச் செலவில் வரும் தண்ணீரை வெங்காயப் பாத்திக்கு விட முடியாது. குடாநாட்டுத் தோட்டக்காரரின் தண்ணீர்ப் பிரச்சினை தாளையடியால் தீரவில்லை.

வழிகிற தண்ணீருக்கு உண்மையான இடம் எது?

இங்கேதான் டிசெம்பர்ப் படத்துக்குத் திரும்பவேண்டும். வான் பாயும் தண்ணீர் குளத்துக்கு உதவாது, கமக்காரருக்கும் உதவாது. யாரிடமும் பறிக்காமல் யாழ்ப்பாணம் எடுக்கக்கூடிய தண்ணீர் அது ஒன்றுதான். ஆனால் சில வாரங்களில் பெருக்கெடுத்து வந்து ஓய்வதைக் குழாயால் பிடிக்க முடியாது. அதைத் தேக்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இயற்கையாகவே இருக்கிறது: கடனீரேரிகள்.

பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வரைந்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின் கருத்து இதுதான். படிகள் இவை:

1. கனகராயன் ஆறும் நெத்தலியாறு முதலிய மற்ற ஆறுகளும் வந்து சேரும் ஆனையிறவுக் கடனீரேரியைக் கிழக்கே சுண்டிக்குளத்திலும் மேற்கே ஆனையிறவுத் தாம்போதியிலும் மறித்து, கடல்நீர் புகாமல் செய்வது.

2. அங்கே தேங்கும் நன்னீரை முள்ளியானில் வெட்டும் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் வாய்க்கால் வழியே வடமராட்சி நீரேரிக்கு விடுவது.

3. வடமராட்சி நீரேரி கடலில் விழும் தொண்டைமானாற்றிலும், உப்பாற்று நீரேரி கடலில் விழும் அரியாலையிலும் கதவணைகள் வைத்து, உவர் ஏறாமல் தடுப்பது.

அணைகள் கட்டப்பட்டன, வேலையில் ஒரு பகுதி நடந்தது. சுண்டிக்குளக் கட்டை வெள்ளம் உடைத்தது. முள்ளியான் வாய்க்கால் முழுமை பெறவில்லை. பிறகு போர் வந்தது. தொண்டைமானாறு, அரியாலைக் கதவுகள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் திட்டம் முழுதாக ஒருபோதும் இயங்கவில்லை.

தேங்கும் நீரை வயலுக்கு வாய்க்கால் வெட்டிக் கொண்டுபோவது இதன் முதல் நோக்கமல்ல. குடாநாட்டின் தண்ணீர் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக் கல்லில் இருக்கிறது. கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு நன்னீர் வில்லை அது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது பொதுவிதி. இறைத்து மேலே ஓர் அடி குறைத்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறிவரத் தொடங்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஓய்வெடுத்து ஊறியது. இயந்திர இறைப்பில் கிணற்றுக்கு ஓய்வில்லை. கரையோரக் கிணறுகள் ஒவ்வொன்றாக உவராவது இதனால்தான். நீரேரிகளில் நன்னீர் நின்றால் பக்கத்து நிலத்தின் நீர்மட்டம் சற்று உயரும், உவர் ஏறுவது பின்வாங்கும். அந்தச் சிறு உயர்வு 40 மடங்காகப் பெருகுவதுதான் திட்டத்தின் பலம். குடாநாட்டுக்குள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும் சிறு குளங்களைத் தூர்வாருவதும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்யும். அவற்றில் பலவற்றுக்கு வெள்ளம் வரும் வழியை வீதியும் மதிலும் அடைத்துவிட்டன.

செய்வதற்கு முன் தீர்க்கவேண்டியவை

இந்தத் திட்டத்தை மருந்தாகக் கொண்டாடுபவர்கள் இரண்டு விடயத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

முதலாவது, நீரேரித் தரையில் படிந்திருக்கும் உப்பு. கதவை மூடிய முதல் ஆண்டிலேயே நன்னீர் கிடைக்காது. மாரி தொடங்கும்போது வரும் முதல் வெள்ளத்தைக் கடலுக்கு விட்டு, பின்னால் வருவதைத் தேக்கி, பல ஆண்டுகள் கழுவவேண்டும். கதவை எந்த நாளில் திறப்பது, எந்த நாளில் மூடுவது என்பதில் ஒரு வாரம் பிழைத்தால் ஓர் ஆண்டின் கழுவல் வீணாகும். அருகிலுள்ள தாழ்ந்த வயல்களில் வெள்ளம் நிற்கும் ஆபத்தும் அதே கதவில்தான் தொங்குகிறது.

இரண்டாவது, இறால். கடலும் நன்னீரும் கலக்கும் இடத்தில்தான் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. கிளாலியிலும் சுண்டிக்குளத்திலும் தொண்டைமானாற்றிலும் களங்கட்டி, வலை வீசி வாழும் குடும்பங்களுக்கு அந்த உவர்நீர்தான் வயல். சுண்டிக்குளம் பறவைகளுக்கான காப்பிடமும்கூட. தோட்டக்காரரின் கிணறு இனிக்க மீனவரின் களம் வற்றுவதானால், இரணைமடுக் குழாய்க்குக் கமக்காரர் கேட்ட அதே கேள்வியை அவர்கள் கேட்பார்கள், கேட்கவேண்டும். வடமராட்சி நீரேரியில் முதலில் செய்து, ஆனையிறவின் ஒரு பகுதியை உவராகவே விட்டு, இழப்பு எவ்வளவு என்று ஆண்டுக்காண்டு அளந்து, அதைக் காசாகவோ தொழிலாகவோ ஈடுசெய்யும் ஏற்பாடு கதவு மூடுவதற்கு முன்பே எழுத்தில் வரவேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் அமைப்புக்கு இருப்பதைப் போல, கதவு திறக்கும் நாளைத் தீர்மானிக்கும் மேசையில் மீனவர் சங்கத்துக்கும் ஒரு கதிரை வேண்டும்.